கைக்கடிகாரம் ஆளைக் காப்பாற்றுமா?



தங்கம் எடுக்க, சேலை எடுக்க நம் தோட்டத்துச் சனங்கள் பினாங்குக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போகாமல் திரும்புவதில்லை. பெரியவர்கள் 'பிட் ஸ்திரீட்' என்பார்களே, அதே சாலைதான். 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், காசு மாற்றும் கடைகள், நகைக் கடைகள், எந்நேரமும் நெரிசல். அங்கே கடை அஞ்சடியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

"அவர் கையில்தான் ஸ்மார்ட் வாட்ச் இருக்கே, அது போன் போட்டுடுமே" என்று சிலர் சொல்லக்கூடும். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன மகன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கித் தரும் பொருளாக அது ஆகிவிட்டது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து கட்டுவது நல்லது.

கடிகாரத்தின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் ஓடும் இரத்தம் அந்த வெளிச்சத்தை உறிஞ்சும் அளவை வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் எச்சரிக்கும். அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரை வைத்து ஆப்பிள் கடிகாரத்தைச் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. எச்சரிக்கை பெற்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.52 விழுக்காடுதான்.

2018-இல் விழுவதைக் கண்டறியும் வசதி வந்தது. ஆள் பலமாக விழுந்து, ஒரு நிமிடம்போல அசையாமல் கிடந்தால், கடிகாரம் தானே அவசர எண்ணை அழைக்கும். 55 வயதுக்குக் குறைந்தவர்கள் இதை அமைப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். கூகுள் நிறுவனம் நாடி நின்றுபோனதை அறியும் வசதியை 2024-இல் சில ஐரோப்பிய நாடுகளில் விட்டது. 2025-இல் அமெரிக்க அரசும் அனுமதித்தது. அந்த வசதி மலேசியாவில் இயங்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இப்போது முக்கியமான சேதி. மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும், ஆளும் பேசிக்கொண்டிருப்பார். இதைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. ஆப்பிள் நிறுவனமே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இவைதான் அடையாளம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாக வரலாம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டு வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு! "வாயுப் பிடிப்பு, ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று லயத்தில் படுத்துக் கிடப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கடிகாரம் சும்மா இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

இதயம் நின்றால் ஆள் நினைவிழப்பார், மூச்சு நிற்கும் அல்லது இழுக்கும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது. கடிகாரம் அழைத்தாலும் நெஞ்சை அமுக்க மனிதக் கைதான் வேண்டும். நடு நெஞ்சில் இரு கைகளை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். மற்றொருவர் 999-ஐ அழைத்து, "ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், பள்ளிவாசலுக்கு எதிரே" என்று இடத்தை மலாயில் தெளிவாகச் சொல்லட்டும்.

பட்டணத்தில் இது நடக்கும். தோட்டத்தில்? போன் கோடு கிடைக்காத செம்பனைக் காட்டில் கடிகாரம் யாரைக் கூப்பிடும்? பெரும்பாலான கடிகாரங்கள் பக்கத்தில் கைப்பேசி இருந்தால்தான் பேசும். ஆகவே தனியாகக் குலை வெட்டப் போகாதீர்கள். எந்த நிரையில் வேலை என்பதை மண்டோருக்கும் வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். கோடு எங்கெங்கே கிடைக்கவில்லை என்று கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், நிர்வாகத்திடம் பேச அது உதவும்.

கடன் வாங்கிக் கடிகாரம் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். அதைவிட மலிவு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. 40 வயதானவர்களுக்குச் சொக்சோ 2013-இல் இலவச உடற்பரிசோதனையைத் தொடங்கியது. உங்களுக்கு உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே கடிகாரம் வைத்திருப்பவர்கள் வாரை இறுக்கமாகக் கட்டுங்கள், தளர்ந்தால் கணக்குத் தப்பும். அவசரத் தொடர்புக்கு வீட்டு ஆள் ஒருவரின் எண்ணைப் பதியுங்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் பெரட்டுக்குப் போகும்போது மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்!