ஆர்தர் ஏன் சாக வேண்டும்?

கடன் வசூலிக்கப் போகிறான் ஆர்தர் மார்கன். கடன்பட்டவர் தாமஸ் டவுன்ஸ், நோயில் இளைத்துப்போன விவசாயி. அவரை அடித்துத்தான் பணம் கேட்க வேண்டும். அடிப்பதற்கான பொத்தானை அழுத்துவது ஆட்டக்காரரின் விரல். டவுன்ஸ் இருமுகிறார், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வீடியோ கேமின் தொடக்கப் பகுதியில் வரும் இந்த வேலையை அப்போது யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பல நாள் ஆட்டத்துக்குப் பிறகு செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுகிறான். மருத்துவர் காசநோய் என்கிறார். அன்று முகத்தில் தெறித்ததுதான்.

2018 அக்டோபர் 26இல் வெளிவந்த இந்த ஆட்டத்துக்காக உலகெங்கும் சுமார் 2,000 பேர் உழைத்தார்கள். அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் 2016இல் பெங்களூரில் தொடங்கிய கிளைக்கும் அதில் பங்கு உண்டு. அந்நகரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலோ ஃப்ரேசர் டவுனிலோ ஆர்தருக்காகக் கண்கலங்கும் தமிழ்ப் பிள்ளைகள், அந்தச் சாவை உருவாக்கிய வேலையில் ஒரு பகுதி தங்கள் ஊரிலேயே நடந்தது என்பதை அறிந்திருப்பார்களா?

அவர்களுக்கு இந்த முடிவு கூடுதலாக வலிக்க ஒரு காரணம் இருக்கிறது. கதை நடப்பது 1899இல். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில்தான். அதனால் ஆட்டத்தில் வரும் மருத்துவரால், வெப்பமான வறண்ட ஊருக்குப் போய் ஓய்வெடு என்று மட்டுமே சொல்ல முடிகிறது. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. தேசியக் காசநோய் நிறுவனம் 1959இல் அமைந்தது இதே பெங்களூரில். இன்று அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் குணமாகிவிடுகிறது. இதைப் பார்த்து வளர்ந்தவர், ஆர்தரின் பை நிறையப் பணம் சேர்த்தும் ஒரு மாத்திரை வாங்கித்தர முடியாமல் தவிக்கிறார்.

சோக முடிவு தமிழர்களுக்குப் புதிதல்ல. 'மூன்றாம் பிறை'யையும் (1982) 'சேது'வையும் (1999) தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் நாம். திரையரங்கில் அழுதவர் யாரும் கதாநாயகனின் துயரத்துக்குத் தான் காரணம் என்று நினைக்கவில்லை. இங்கே ஆட்டக்காரர் அப்படி நினைக்கிறார். டவுன்ஸை அடித்தது தன் விரல் அல்லவா? 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' (2013) என்ற நூலில் டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் யூல் இதைத்தான் பேசுகிறார்: வீடியோ கேமின் சோகத்தில் ஆட்டக்காரரும் உடந்தை.

ஆர்தரின் சாவுக்கு அழுதவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தைத் திட்டவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நல்லவனாக நடந்துகொண்டு, கடைசியில் நண்பன் ஜான் தப்பிக்க உதவினால், ஆர்தர் சூரிய உதயத்தைப் பார்த்தபடி உயிர்விடுகிறான். கெட்டவனாக நடந்திருந்தால் கும்பலின் துரோகி மைக்காவின் கையால் சாகிறான். சாவு மாறாது, சாகும் விதம் மாறும். கடைசித் துரத்தலில் குண்டடிபட்டு விழும் குதிரையருகே மண்டியிட்டு அவன் நன்றி சொல்லும் இடத்தில் உடைந்து போனவர்கள் ஏராளம். அத்தனை நாள் அந்தக் குதிரைக்குத் தீனி போட்டு, மேல் துடைத்துவிட்டவர்கள் அவர்கள்தானே.

ஆனால் 'மாஸ் எஃபெக்ட் 3' (2012) ஆட்டத்தின் முடிவு எழுப்பியது அழுகையை அல்ல, கோபத்தை. 2007 தொடங்கி மூன்று ஆட்டங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகள், கடைசியில் நிறம் மட்டும் வேறுபடும் மூன்று காட்சிகளில் கரைந்துபோயின. ரசிகர்கள் சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறத்தில், சுவையில் ஒன்றேபோல் இருந்த சுமார் 400 கப்கேக்குகளை, ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். முடிவை மாற்றக் கோரிய இயக்கம், குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு 80,000 டாலர் திரட்டியது. ஜூனில் நீட்டிக்கப்பட்ட முடிவு இலவசமாக வெளிவந்தது. துயரத்தை ஆட்டக்காரர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்கள் செய்தது கணக்கிலேயே வரவில்லை என்பதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

அந்தக் கோபம் எல்லை மீறியதும் உண்டு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020) முதல் பாகத்தின் நாயகன் ஜோயலைக் கொன்ற ஆபியாகவே ஆடும்படி ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு கதாபாத்திரத்தின் மீதான பாசம் எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் இதற்கு நியாயம் கிடையாது.

மணிக்கணக்கில் ஆடினால்தான் இந்த ஒட்டுதல் வரும் என்றும் இல்லை. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா' இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. மகன் கவின் மொழியைவிட்டும் வீட்டைவிட்டும் விலகிப் போகிறான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. இட்லி ஊற்றுவதும், கறை படிந்த சமையல் குறிப்பைப் பார்த்து விட்டுப்போனதை ஊகிப்பதும்தான் ஆட்டக்காரரின் வேலை. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்ட விருது அதற்குக் கிடைத்தது. அம்மா வெண்பாவின் தனிமையில் கனத்துப்போனவர்களில் தமிழே தெரியாதவர்களும் உண்டு. அந்த இட்லியை அவர்களும்தான் ஊற்றினார்கள்.