குடோன் கட்டலாமா? எக்செல்லைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல்லைத் திறந்து பார்ப்போம். கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். மளிகைக் கணக்கு எழுதிப் பார்ப்போம், பிறகு மூடிவிடுவோம். இந்த மாதம் அதில் கொஞ்சம் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வேலை ஒன்றுதான்.

மதுரை ரிங் ரோடு ஓரத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு பழைய கொட்டகை இருக்கிறது. அதைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, வீட்டுச் சாமான் வைக்க மாத வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் எண்ணம். ரிட்டையர்மென்ட் பணம் போக பாங்க் கடனும் வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இதற்கு ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று பெயர். 1960-களில் டெக்சாஸில் வளர ஆரம்பித்த தொழில் இது. இன்று அங்கே சுமார் பத்தில் ஒரு குடும்பம் இப்படி ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறது. சென்னை, பெங்களூரிலும் இந்தச் சேவை வந்துவிட்டது. மதுரையில் எடுபடுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கணக்கு எளிது. தலைக்கு ஆறு சதுர அடி என்று வைத்து ஜனத்தொகையால் பெருக்குவார்கள். 2011 சென்சஸ்படி மதுரை மாநகராட்சியின் ஜனத்தொகை 10,17,865. பெருக்கினால் 61 லட்சம் சதுர அடி வருகிறது! இதை நம்பிக் கடன் வாங்கினால் கதை கந்தல்தான். நம் வீடுகளில் பரண் இருக்கிறது, மொட்டை மாடியில் ஒரு ரூம் இருக்கிறது, கிராமத்தில் தாத்தா வீடு இருக்கிறது. இவை மூன்றும் நிறைந்த பிறகுதான் ஒருவர் காசு கொடுத்து இடம் தேடுவார்.

எனவே கீழிருந்து கணக்கிடுவோம். பி1 கட்டத்தில் 1017865 என்று டைப் செய்யுங்கள். இது பழைய 72 வார்டுகளின் கணக்கு. 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் சேர்ந்து 100 வார்டு ஆகிவிட்டது. 2021-ல் நடக்க வேண்டிய சென்சஸும் தள்ளிப்போனது. ஆக, நிஜ எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். முதலீட்டுக் கணக்கில் குறைத்து எடுப்பதே நல்லது. பி2-வில் 3.9, இது அதே சென்சஸில் தமிழகக் குடும்பத்தின் சராசரி அளவு. பி1-ஐ பி2-ஆல் வகுத்தால் சுமார் 2.6 லட்சம் வீடுகள்.

பி3-ல் 0.5%. வீட்டை இடித்துக் கட்டுவது, டிரான்ஸ்ஃபர், வெளிநாட்டு வேலை போன்ற காரணங்களால் சாமானை எங்காவது வைத்தாக வேண்டிய வீடுகள், வருடத்துக்கு. பி4-ல் 10%. அவர்களில் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள். பி5-ல் 6, அதாவது சாமான் தங்கும் மாதங்கள். இந்த மூன்றும் என் ஊகம்தான். பி6-ல் இப்படி எழுதுங்கள்:

=பி1/பி2*பி3*பி4*பி5/12

(கட்டத்தின் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.) விடை 65. ஒரே சமயத்தில் 65 அறைகள் நிரம்பியிருக்கும், அதுவும் ஊர் முழுவதற்கும் சேர்த்து. கடைசியில் 12-ஆல் வகுப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு 130 குடும்பம் வந்தாலும், ஒருவர் காலி செய்த அறையில்தானே அடுத்தவர் வருவார்?

இனி செலவு. நடைபாதை போக 4,000 சதுர அடி, தலா 50 சதுர அடியில் 80 அறைகள், சதுர அடிக்கு ரூ.40 வாடகை என்று வைத்தால் முழுதும் நிரம்பினால் மாதம் ரூ.1,60,000. கடன் தவணை, வாட்ச்மேன், கரண்ட், இன்சூரன்ஸ் எல்லாம் ரூ.90,000 என்றால் 45 அறைகள் நிரம்பினால்தான் கையைக் கடிக்காது. இப்போது பி3-ஐ 0.2% ஆக்கிப் பாருங்கள். 65 சரிந்து 26 ஆகிவிடும். ஊரே நம்மிடம் வந்தாலும் நஷ்டம்!

‘கோல் சீக்’ என்ற வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. எக்செல்லில் டேட்டா மெனுவில் ‘வாட் இஃப் அனாலிசிஸ்’ என்பதற்குள் இருக்கும். கால்க்கில் டூல்ஸ் மெனு. பி6 என்ற கட்டம் 45 ஆக வேண்டும், அதற்கு பி3 மாறட்டும் என்று கொடுத்தால், ஏறக்குறைய 0.345% என்று பி3-ல் வந்து நிற்கும். ஆயிரத்துக்கு மூன்றரை வீடு. தேவைப்படுபவர்களில் பாதிப் பேர்தான் நம்மைத் தேடி வருவார்கள் என்றால் ஏழு வீடு. எந்த எண்ணைத் தெருவில் இறங்கி விசாரிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களிடம் மாதவாரியாக எத்தனை லோடு என்று கேட்கலாம். மே, ஜூன் மாத லோடை மட்டும் வைத்து வருடத்தை எடை போடாதீர்கள்.

எனக்கு வீடுகளைவிட வியாபாரிகள் மேல்தான் நம்பிக்கை. கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகள், சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்பவர்கள், சாமியானா, பாத்திர வாடகைக் கடைக்காரர்கள் இவர்கள் ஆறு மாதத்தில் காலி செய்ய மாட்டார்கள். 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை வந்தபின் வக்கீல்களிடம் சேர்ந்த கேஸ் கட்டுகளுக்கும் இடம் வேண்டும். பி5-ல் 12 போடக்கூடிய ஆட்கள் இவர்கள். 40 பேர் கிடைத்தால் 40 அறை அப்படியே நிற்கும். ஆனால் இவர்களில் பலருக்கு ஏற்கெனவே வாய்ப்பேச்சில் குடோன் இருக்கும். அந்த வாடகை என்ன, கரையான், எலித் தொல்லை உண்டா என்று கேட்டு சி வரிசையில் எழுதுங்கள். மதுரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மர பீரோவும் டிவியும் என்ன பாடுபடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் செலவு இன்னும் ஏறும்.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது: 80 அறை வேண்டாம், கொட்டகையின் ஒரு மூலையில் பத்து அறை மட்டும் தடுங்கள், கடன் இல்லாமல். யார் வந்தார்கள், எத்தனை மாதம் இருந்தார்கள் என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதே ஃபைலில் பதியுங்கள். ஒரு வருடத்தில் பி5-ல் என் ஊகத்துக்குப் பதில் நிஜமான எண் வந்துவிடும். ஃபைலை பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.