கரிசல் வழி விசுவாசம் – 9
தாது வருஷத்துக் கஞ்சி

ஆவணி கடைசியில் கோவில்பட்டிச் சீமைக்காரர்களுக்குக் கழுத்து வலிக்கும். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வந்த வலி அது. தாமிரபரணிக் கால்வாய் இந்தக் காடுகளுக்கு எட்டாது. கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர்நீர்தான் ஊறும். கம்போ சோளமோ பருத்தியோ உளுந்தோ, எதைப் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் தீர்ப்புச் சொல்லும். வெடித்துக் கிடக்கும் கரிசல் ஒரு மழையில் களியாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த மழை தவறினால் மறுபடியும் வெடித்துவிடும். ஜெபம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிய இந்த மண்ணில் ஒரு போகம் வெள்ளாமை செய்து பார்த்தால் போதும்.

போன வாரம் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோயிலையும் அங்கே ஊழியம் செய்த வீரமாமுனிவரையும் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து ஒன்றரை நூற்றாண்டு தள்ளி வருவோம். 1876-ஆம் ஆண்டு. நம் பெரியவர்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லிவந்தார்களே, அந்தப் பஞ்சம் தொடங்கிய வருஷம்.

அந்த வருஷம்தான் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கோவில்பட்டி வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் வந்தது, மழை வரவில்லை. மறு வருஷமும் பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. விலை ஏற ஏற, கூலிக்காரன் கையில் அதை வாங்கக் காசு இல்லாமல் போனது. காடு காய்ந்தால் முதலில் நிற்பது களையெடுப்பும் கதிரறுப்பும். அதனால் நிலம் வைத்திருந்தவனுக்கு முன்பே, அந்த நிலத்தில் உழைத்தவன் விழுந்தான்.

1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரை கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்றுவிட்டு மனிதன் வேலை செய்ய முடியாது என்று வாதாடினார். சில மாதம் கழித்துத்தான் கூலியை உயர்த்தினார்கள்.

அந்த 1877 மார்ச்சில் கல்கத்தாவில் இரண்டு பேருக்கு ஆயர் அபிஷேகம் நடந்தது. இருவருமே திருநெல்வேலிச் சீமையில் பல காலம் ஊழியம் செய்தவர்கள். ஒருவர் சி.எம்.எஸ். சங்கத்தின் சார்ஜென்ட், மற்றவர் எஸ்.பி.ஜி. சங்கத்தின் ராபர்ட் கால்டுவெல். கால்டுவெல்லைத் தமிழ்நாடு இலக்கணக்காரராக அறியும். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அப்படி. ஆனால் ஆயராகி ஊர் திரும்பியவருக்கு முன்னால் நின்றது பஞ்சம்.

கால்டுவெல் 1841 முதல் வாழ்ந்த இடையன்குடி தேரிக்காட்டுப் பக்கம். அங்கே பனை உண்டு. மழை தவறினாலும் பதநீரும் கிழங்கும் கருப்பட்டியும் உயிரை இழுத்துப் பிடித்து வைக்கும். வடக்கே கரிசலுக்கு அந்தத் துணையும் கிடையாது. புதியம்புத்தூர், நாகலாபுரம் போன்ற மிஷன் ஊர்களைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு நிவாரணப் பணமும் தானியமும் தேவைப்பட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடை உபதேசியார்கள், ஆசிரியர்கள் கை வழியாகவும் ஊருக்குள் போனது. அந்த இரண்டு வருஷங்களில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள்.

அன்று கிளம்பிய கேள்வி இன்றும் ஓயவில்லை. “இவங்க கஞ்சிக்காக வந்தவங்கதானே?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கஞ்சி ஊற்றிய கை ஞானஸ்நானத்தை விலையாகக் கேட்டிருந்தால் அது பாவம். அதில் மழுப்பல் வேண்டாம். பஞ்சம் தீர்ந்ததும் சிலர் பழைய வழிக்கே திரும்பியதும் உண்மை. கால்டுவெல் இதை மறைக்கவில்லை. உயர்ந்த நோக்கம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டே இராத ஏழையிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி, உள்ளே வந்த பிறகுதானே கற்றுக்கொள்வான் என்ற பொருளில் அவர் எழுதினார்.

எனக்கு அவருடைய பதிலில் பாதி சம்மதம்தான். பசியைத் தாழ்ந்த நோக்கம் என்று அவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? இயேசு சொல்லிக் கொடுத்த ஜெபத்திலேயே அன்றாட ஆகாரத்துக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பாவமன்னிப்பைக் கேட்பதற்கு முன்னால் ஆகாரத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். மண்சட்டியோடு வரிசையில் நின்ற மனுஷி அந்த ஜெபத்தைத்தான் வாய் திறக்காமல் சொன்னாள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் அந்தியோகியாவில் வழங்கியதாக அங்கே வருகிறது. அதை அடுத்து வரும் செய்தி என்ன? பஞ்சம் வரப்போகிறது என்று அகபு தீர்க்கதரிசி எழுந்து அறிவிக்கிறார். பஞ்சம் நீங்கச் சபையார் உபவாசம் இருந்ததாக அங்கே எழுதியில்லை. அவரவர் சக்திக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயாவிலிருந்த சகோதரருக்கு அனுப்பினார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. பெயர் கிடைத்த கையோடு அவர்கள் எடுத்தது பஞ்ச நிவாரணக் காணிக்கை.

தாது வருஷத்தின் மிச்சம் கஞ்சியோடு முடியவில்லை. திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் ஊழியம் செய்த மர்காஷிஸ் ஐயர், பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குச் சோறு மட்டும் போட்டால் ஆகாது, கையில் தொழில் வேண்டும் என்று 1878-இல் அங்கே கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். அடுத்த பஞ்சத்தில் வரிசையில் நிற்காமல் இருக்க வழி செய்வதும் விசுவாசத்தில் சேர்த்திதான்.

நம் வீட்டுப் பெண்கள் இதை ரொம்பக் காலமாகவே செய்துவருகிறார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். வீட்டில் குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. கடைசி மாவைப் பிசைந்து எலியாவுக்குக் கொடுத்த சாறிபாத் விதவைக்கு இவர்கள் பேத்திகள். அசனப் பண்டிகையில் கொடுத்தவரும் கொடுக்க இயலாதவரும் ஒரே பந்தியில் இலை போட்டு உட்காருவதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

இன்றைக்கு நம் பக்கத்துப் பஞ்சத்துக்கு வேறு முகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே மழையில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மழைக்கு ஏங்குகிற மாவட்டத்தில் மழையே பயிரை அழுகவைத்தது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் அழுகவில்லை.

அப்படிக் கடன்பட்ட விவசாயி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாம் கர்த்தர் சித்தம், அண்ணாச்சி” என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள்.

அவரிடம் “ஜெபம் பண்ணுனீங்களா?” என்று முதலில் கேட்காதீர்கள். நம்மைவிட அதிகமாகவே பண்ணியிருப்பார். “வீட்டுல அடுப்பு எரியுதா அண்ணாச்சி? கூட்டுறவு வங்கி தவணை எப்ப?” என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு, சபைக் கணக்கில் காணிக்கை எவ்வளவு இருக்கிறது என்று பொருளாளரிடமும் கேளுங்கள்.

(தொடரும்)