இருதய வால்வில் கிருமியும் ஏட்டில் ஒரு வரியும்

காய்ச்சல் என்னும் சொல்லைப்போல நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் சொல் வேறில்லை. பெரும்பாலும் அது மூன்று நாளில் வந்த வழியே போய்விடும். ஆனால் வாரக்கணக்காக விட்டு விட்டுக் காயும் காய்ச்சலும், இரவு வேர்வையும், மெலிவும் ஒருவரிடம் கூடி நிற்குமாயின், அதிலும் அவருடைய இருதய வால்வு ஏற்கெனவே பழுதுற்றிருக்குமாயின், வைத்தியர்கள் ஒரு கொடிய நோயை நினைத்துப் பார்க்கிறார்கள். இருதயத்துள் திறந்து மூடும் மெல்லிய கதவுகளே வால்வுகள். இரத்தத்தில் வந்த கிருமிகள் அவற்றில் ஒட்டி, பாசி படிவதுபோலப் பெருகும் நோய் அது. அப்படிவின் துணுக்கொன்று பிய்ந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகலாம். வால்வு கிழிந்தால் இருதயம் தளர்ந்துவிடும். சிறு பிராயத்தில், தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களும், செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர்களும் இதற்கு விசேடமாக அஞ்ச வேண்டியவர்கள்.

இந்நோயைப் பற்றி எழுதப் புகுந்த நாம் மருந்தைவிடக் காகிதத்தைப் பற்றியே அதிகம் பேசப் போகிறோம். காரணம் உண்டு.

உலகப் புகழ்பெற்ற இசை மேதை குஸ்தாவ் மாலர் 1911 பெப்ரவரி 21ஆந் திகதி, காய்ச்சலைப் பொருட்படுத்தாது நியூயோர்க் நகரில் தமது கடைசிக் கச்சேரியை நடத்தினார். அவருடைய வால்வில் கோளாறு இருப்பது 1907இலேயே தெரிந்திருந்தது. காய்ச்சல் தணியாமையால், இத்துறையில் வல்லவரான டொக்டர் லிப்மன் அழைக்கப்பட்டார். மாலருடைய நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தபோது ‘ஸ்ரெப்ரொகொக்கஸ்’ என்னும் கிருமி வெளிப்பட்டது. நோய்க்குப் பெயரும் கிருமிக்குப் பெயரும் ஐயமின்றிக் கிடைத்தன, மருந்துதான் கிடைக்கவில்லை. அவ்வாண்டு மே 18இல் அவர் வியன்னாவில் காலமானார். பெனிசிலின் வரும்வரை இந்நோய் கண்டோர் பிழைப்பது மிக அரிது.

இன்று நிலைமை வேறு. நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நரம்பு வழியே மருந்து செலுத்தி அநேகரைக் காப்பாற்றலாம். தேவைப்படின் சத்திர சிகிச்சையும் செய்யலாம். எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் கிருமியின் பெயரே தீர்மானிக்கிறது. ஆதலால் முதல் ஊசி ஏற்றுமுன்னர், வெவ்வேறு இடங்களில் குத்தி, வழக்கமாக மூன்று முறை இரத்தம் எடுக்கிறார்கள். எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, மருந்துக்கு முன்னா பின்னா என்பது ஏட்டில் இல்லையேல், ‘கிருமி வளரவில்லை’ என்று வரும் அறிக்கைக்கு என்ன பொருள் கொள்வது? கிருமியே இல்லையென்றா, அல்லது மருந்து அதை மறைத்துவிட்டதென்றா?

இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1994இல் வகுத்து, 2000இலும் 2023இலும் திருத்தப்பட்ட அளவுகோலின்படி இந்நோய் ‘நிச்சயம்’ என்றும் ‘சாத்தியம்’ என்றும் பிரித்துச் சொல்லப்படுகிறது. வைத்தியர் எழுதும் அந்த ஒரு சொல்லே பின்னர் வருவோருக்கெல்லாம் வழிகாட்டி.

இனி வைத்தியசாலையின் ஏட்டறைக்குச் செல்வோம். நோயாளி வீடு சென்றபின் அவருடைய ஏடு அங்கே வருகிறது. அதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சங்கேத இலக்கம் இடுவது அங்குள்ளவரின் கடமை. இதற்கான சர்வதேசப் பட்டியலுக்கு வித்திட்டவர் பாரிஸ் நகரின் புள்ளிவிபர அதிகாரி ஜாக் பெர்ட்டியோன், ஆண்டு 1893. முதலில் மரண காரணங்களுக்கே பயன்பட்ட அது, 1948இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கைக்கு வந்தபோது நோய்களையும் தழுவியது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பு இன்னும் பல நாடுகளில் வழங்குகிறது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பத்தாம் பதிப்பில் நமது நோய்க்குரிய இலக்கம் ஐ 33.0. கிருமியைக் குறிக்க இன்னோர் இலக்கமும் சேர்க்க வேண்டும். ‘ஸ்ரபிலொகொக்கஸ் ஓரியஸ்’ ஆயின் பீ 95.6. கிருமி செயற்கை வால்வில் பற்றினால் ரீ 82.6. கன்டிடா என்னும் பூஞ்சணத்தால் வந்தால் வேறோர் அத்தியாயத்தில் பீ 37.6. வைத்தியர் அவசரத்தில் ‘வால்வு அழற்சி’ என்று மாத்திரம் எழுதிவிட்டாலோ, எந்த வால்வு என்று சொல்லப்படாத அது ஐ 38 என்னும் கூட்டுப் பெட்டிக்குள் விழும். காரணம் கூறப்படாத பழைய வால்வு ஒழுக்கும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது! உயிருக்கு மன்றாடி ஆறு வாரம் ஊசி ஏற்றியவரும், வருடக்கணக்காக ஒழுகும் வால்வோடு நடமாடுபவரும் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். பிறகு, இத்தனை பேருக்கு இத்தனை மருந்தும் சத்திர சிகிச்சையும் வேண்டும் என்று திட்டமிடுவோர் எதைக் கொண்டு கணக்கிடுவர்?

இலக்கமிடுபவர் தாமே ஊகித்துத் திருத்தலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. ஆய்வுகூடச் சீட்டில் கிருமியின் பெயர் இருந்தாலும், நோய் இதுவென நிர்ணயிக்கும் உரிமை வைத்தியருக்கே உண்டு. ஐயமெழுந்தால் அவரிடமே எழுதிக் கேட்டல் வேண்டும். நோயாளிகள் நெருங்கிக் கிடக்கும் வாட்டுகளில் ஓயாது உழைக்கும் வைத்தியர்கள்மீது குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. ‘கிருமித்தொற்று’ என்னும் ஒரு சொல்லைச் சேர்க்கச் சில விநாடிகளே செல்லும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் பங்குண்டு. வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் நீடிக்குமாயின், மருந்துக்கடையில் தாமாகவே அன்டிபயோட்டிக் குளிசை வாங்கிக் கொடுப்பது பெருந்தீங்கு. முன்னரே கொடுத்திருந்தால் அதன் பெயரையும் நாளையும் வைத்தியரிடம் ஒளிக்காது கூறி, மருந்துச் சீட்டையும் காட்டுதல் வேண்டும்.

வைத்தியசாலையை விட்டு வரும்போது கொடுக்கப்படும் ‘டயக்னோசிஸ் காட்’டை வாட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு, எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள் என்பன அதில் உளவா? இல்லையேல் தாதியிடம் பணிவாகச் சொல்லி எழுதுவித்துக்கொள்ளலாம். பல் வைத்தியரிடம் போகும்போது அந்த அட்டையையும் கொண்டு செல்ல வேண்டும். இந்நோய் ஒருமுறை கண்டவருக்கும் செயற்கை வால்வு உடையவருக்கும் பல் பிடுங்குமுன் ஒருவேளை மருந்து கொடுப்பது வழக்கம். ‘இருதய வருத்தம்’ என்று மாத்திரம் எழுதிய அட்டையைப் பார்த்து அவர் அதை அறிய இயலாது. மழையில் நனையாதபடி உறையிலிட்டு, ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொள்வது நன்று.