நன்றிக்கு ஆள் அனுப்ப முடியாது

யூதர்களின் அன்றாட வழிபாட்டில் நடுநாயகமான ஜெபம் அமிதா. எல்லோரும் எழுந்து எருசலேமின் திசை நோக்கி நின்று, முதலில் அதைத் தமக்குள் மெல்ல ஓதுகிறார்கள். பிறகு ஹஸான் எனப்படும் முன்பாடகர் முழுவதையும் உரக்க ஓதுகிறார். ஜெபம் தெரியாதவரும் பங்குபெற வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. நோய் தீர, விளைச்சல் பெருக அவர் வேண்டுகிறார்; சபை ‘ஆமென்’ என்கிறது. அவருடைய வேண்டுதல் எல்லோருடையதும் ஆகிவிடுகிறது.

‘மோதிம்’ என்னும் நன்றிப் பகுதி வந்ததும் இந்த ஏற்பாடு மாறுகிறது. சபை முழுவதும் தலைவணங்குகிறது. ஹஸான் ஓதிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொருவரும் வேறொரு நன்றியுரையைத் தம் வாயாலேயே சொல்கிறார்கள். செவில் நகரில் 1340-இல் ஜெபங்களுக்கு உரை எழுதிய தாவீது அபுதர்ஹாம் இதற்குக் காரணம் சொல்கிறார். வேண்டுகோளுக்கு ஆள் அனுப்பலாம். நன்றிக்கு அனுப்ப முடியாது.

அந்த நன்றியுரை உருவான விதமும் அழகானது. சபையார் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குப் பல அறிஞர்கள் பல வாசகங்கள் தந்ததை யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தால்மூத் பதிவு செய்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், எல்லாவற்றையும் சேர்த்தே சொல்வோம் என்றார் நான்காம் நூற்றாண்டின் ராவ் பாப்பா. அவற்றுள் ஒரு வாசகம், நன்றி சொல்ல வாய்த்ததற்காகவே நன்றி சொல்கிறது.

பண்டிகை நாட்களில் இந்த நன்றி பாட்டாகப் பெருகுகிறது. பஸ்கா, கூடாரப் பண்டிகை, ஹனுக்கா போன்ற நாட்களில் சங்கீதங்கள் 113 முதல் 118 வரை ‘ஹல்லேல்’ என்று பாடப்படுகின்றன. 118-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் ஹஸான் ஓர் அடி பாட, சபை பதில் பாடுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலேயே, ஒருவர் ஹல்லேல் ஓத, கேட்பவர் ‘அல்லேலூயா’ என்று பதில் சொல்லும் முறை இருக்கிறது. புத்தகம் கையில் இல்லாதவரும் பாட இந்த ஒரு சொல் போதும்.

பாடல் ஒன்றே, மெட்டுகள் பல. ஏமன், மொராக்கோ, பாரசீகம் என ஊருக்கொரு பாணி. இசை ஆய்வாளர் ஆபிரகாம் இதெல்சோன் எருசலேமில் பல நாட்டு யூதர்களின் பாட்டை ஃபோனோகிராஃபில் பதிந்தார். 1914 முதல் 1932 வரை 10 தொகுதிகளாக மெட்டுகளை வெளியிட்டார்.

சேர்ந்து பாடும்போது உடலுக்குள்ளும் ஒன்று நிகழ்கிறது. மூச்சை இழுக்கையில் இதயத் துடிப்பு சற்று வேகம் பிடிக்கிறது, விடுகையில் தணிகிறது. பாட்டின் நீண்ட அடிகள் எல்லோருடைய மூச்சையும் ஒரே சீரில் இணைக்கின்றன. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் சேர்ந்து பாடிய இளைஞர்களை அளந்து 2013-இல் வெளியிட்ட முடிவு இது: அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாகவே ஏறி இறங்கியது. சபைப் பாட்டும் மூச்சால் ஆனதுதான்.

அமிதாவின் நன்றிக்கும் கூட்டம் வேண்டும்: ஹஸான் அதை உரக்க ஓதக் குறைந்தது 10 பேர் கூட வேண்டும். மரபுவழிச் சபைகள் வயதுவந்த ஆண்களை மட்டும் எண்ணுகின்றன. வேறு பல சபைகள் பெண்களையும் எண்ணுகின்றன. பத்துப் பேர் சேராவிட்டால் அந்த ஓதலும் இல்லை, அதன் நடுவே வரும் சபையின் நன்றியுரையும் இல்லை. அந்த நன்றியை நமக்காக வேறொருவர் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது பேர் உடன் நிற்காமல் நாமும் அதைச் சொல்ல முடியாது. நன்றி தனி மனிதனின் கடமையாகவும் ஊரின் செயலாகவும் ஒருசேர இருக்க முடியும் என்பதை இந்தச் சபைகள் அன்றாடம் செய்து காட்டுகின்றன.