முதலில் மூடி, பிறகு குளம்

வீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்கள் ஆழம் எவ்வளவு, ஓடு என்ன நிறம், விளக்கை எங்கே பதிப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். மூடி பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கவும் படுகிறது. ஆனால், குளத்தின் வரவு செலவெல்லாம் அதன் மேற்பரப்பில்தான் நடக்கிறது. தண்ணீர் குறைவது அந்த வழியாக. சூடு வெளியேறுவதும் அந்த வழியாக. குளோரினை அழிக்கும் வெயில் நுழைவதும், சிறு குழந்தை தவறி விழுவதும் அதே பரப்பின் வழியாகத்தான். இந்த நான்கையும் ஒரே பொருளால் தடுக்க முடியும் என்பதுதான் தானியங்கி மூடியின் சிறப்பு. அந்தப் பொருளைக் குளத்தோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பது பலர் தாமதமாக அறிந்துகொள்ளும் உண்மை.

இரவில் ஆகும் செலவு

குளத்து நீர் எப்போது அதிகம் ஆவியாகும் என்று கேட்டால், உச்சி வெயிலில் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சூடேற்றிய குளத்தில் கணக்கு வேறு. ஆவியாதலின் வேகத்தைத் தீர்மானிப்பது வெயில் மட்டுமல்ல. நீர்ப்பரப்பில் உள்ள ஆவி அழுத்தத்துக்கும் மேலே காற்றில் உள்ள ஆவி அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்.

28 டிகிரி செல்சியஸில் உள்ள நீரின் பரப்பில் ஆவி அழுத்தம் சுமார் 3.8 கிலோபாஸ்கல். காற்று 30 டிகிரி சூட்டிலும் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருக்கும் ஒரு நண்பகலில், காற்றின் ஆவி அழுத்தம் 2.5 அளவில் இருக்கும். வித்தியாசம் 1.3 தான். இரவில் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால், அது எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதன் ஆவி அழுத்தம் 1.2 கிலோபாஸ்கலைத் தாண்டாது. வித்தியாசம் 2.6 ஆகிவிடுகிறது, பகலைப் போல இரு மடங்கு. காற்றின் வேகம் ஒன்றுபோல இருந்தால், எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் அந்தக் குளம் வேகமாக வற்றிக்கொண்டிருக்கும். குளிர்ந்த விடியலில் வெந்நீர்க் குளத்தின் மேல் வெண்புகைபோல் எழுவது அந்த இழப்பின் அடையாளமே.

தண்ணீர் போவதைவிட அதோடு போகும் வெப்பம் பெரிது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். பானையில் நமக்கு வரமாக இருப்பது, சூடேற்றிய குளத்தில் கேஸ் கட்டணமாக மாறுகிறது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 32 அடி நீளம், 16 அடி அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம். அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் அளவு இது. அதில் சுமார் 71,000 லிட்டர் நீர் இருக்கும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஏறக்குறைய 240 லிட்டர் நீர் போகும். விரல் அகலம்கூட இல்லாத இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த 5 மில்லிமீட்டர், குளம் முழுவதையும் ஏறக்குறைய 2 டிகிரி குளிரவைக்கும் அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் 160 யூனிட்.

திறந்தவெளிக் குளம் இழக்கும் ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு ஆவியாதலால் போகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மூடியைப் பயன்படுத்தினால் சூடேற்றும் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரையும், மீண்டும் நிரப்பும் நீரில் 30 முதல் 50 விழுக்காடு வரையும் மிச்சமாகும் என்பது அதே துறையின் மதிப்பீடு. ரசாயனச் செலவும் 35 முதல் 60 விழுக்காடு வரை குறையும். இதற்கு முக்கியக் காரணம், நீரில் கரைந்த குளோரினைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பது. அதைத் தாமதப்படுத்த சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். மூடிய குளத்தில் வெயிலே நுழையாததால், போட்ட குளோரின் போட்டபடி நெடுநேரம் வேலை செய்கிறது.

ஒரு நிமிடத்தில் மூடும் பொறி

மூடிகளில் பல வகை உண்டு. விலை குறைந்தது, காற்றுக் குமிழிகள் கொண்ட மெல்லிய நெகிழித் தாள். அது ஆவியாதலை நன்றாகவே தடுக்கும். வெயிலையும் பெருமளவு உள்ளே விடும். ஆனால் தண்ணீர்மேல் சும்மா மிதக்கும் எதுவும் காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாதலைக் குறைக்க மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியதை நாம் பார்த்தோம். நீரை மூட வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. விளிம்பில் பிடிப்பு இல்லாததுதான் குறை.

தானியங்கி மூடியின் தொழில்நுட்பம் முழுவதும் அந்த விளிம்புப் பிடிப்பில் இருக்கிறது. குளத்தின் ஒரு முனையில், தரைக்குள் பதித்த நீளமான பெட்டிக்குள் ஓர் உருளை. பாலியெஸ்டர் இழைத்துணியின் இருபுறமும் வினைல் பூசிய கனமான உறை அதில் சுற்றியிருக்கும். உறையின் முன்முனையில் குளத்தின் அகலத்துக்கு ஓர் அலுமினியக் கம்பி. குளத்தின் இரு நீளப் பக்கங்களிலும் அலுமினியத் தடங்கள். உறையின் இரு ஓரங்களும் அந்தத் தடங்களுக்குள் செருகியபடியே நகர்கின்றன. தடத்துக்குள் ஓடும் கயிறுகள் மறுமுனையில் உள்ள கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து மோட்டாரோடு இணைகின்றன. சாவியைத் திருப்பினால் கயிறு இழுக்க, அலுமினியக் கம்பி முன்னே செல்ல, உறை தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு விரிகிறது. பெரும்பாலான வீட்டுக் குளங்கள் ஒரு நிமிடத்துக்குள் மூடிவிடும்.

இந்த வேகம் சொகுசுக்காக அல்ல. சுற்றுத் தரையில் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டும் கைமூடிகளும் வலுவானவைதான். ஆனால் அவற்றைப் போட இரண்டு பேர் வேண்டும், நேரமும் பிடிக்கும். அதனால் குளிர்காலத் தொடக்கத்தில் ஒருமுறை போட்டு, வசந்தத்தில் எடுப்பதே வழக்கம். நீந்தும் பருவம் முழுவதும் குளம் திறந்தே கிடக்கும். மூடி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், மூடியிருக்கும் நேரத்தில் மட்டுமே அது பயன் தரும். தினமும் இருமுறை அலுப்பில்லாமல் மூடித் திறக்க முடிகிறது என்பதே தானியங்கி மூடிக்குக் கொடுக்கும் விலையின் நியாயம்.

220 கிலோ தாங்கும் துணி

அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. கையசைத்து உதவி கேட்பதும் அரிது. அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரியாமல் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பல நாடுகள் வீட்டுக் குளத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. பிரான்ஸ் 2003 ஜனவரியில் ஒரு சட்டம் இயற்றியது. தரையில் பதித்த தனியார் குளம் ஒவ்வொன்றுக்கும் தடுப்புவேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது அது. கலிஃபோர்னியாவில் 2018 முதல், தனி வீட்டில் புதிதாகக் கட்டும் குளத்துக்கு ஏழு வகைப் பாதுகாப்புகளில் குறைந்தது இரண்டு வேண்டும். அந்த ஏழில் ஒன்று, தரச்சான்று பெற்ற பாதுகாப்பு மூடி.

அந்தத் தரத்தின் பெயர் ஏஎஸ்டிஎம் எஃப்1346. எட்டு அடிக்கு மேல் அகலமுள்ள குளத்தின் மூடி 485 பவுண்டு, அதாவது சுமார் 220 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்கிறது அது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் சேர்ந்த எடை. விழுந்த குழந்தையைத் தூக்கப் பெரியவர்கள் மூடிமேல் ஓடி வந்தாலும் அது தாங்க வேண்டும் என்ற கவலை அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

மெல்லிய துணி இவ்வளவு எடையை எப்படித் தாங்குகிறது? துணி தனியாகத் தாங்குவதில்லை. அடியில் உள்ள நீர்தான் பெரும்பாலும் தாங்குகிறது. ஒருவர் மூடியில் கால் வைத்ததும் அந்த இடம் பள்ளமாகிறது. பள்ளம் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விதிதான். தடத்தில் பிடிபட்டிருக்கும் ஓரங்கள் துணியை இழுத்துப் பிடிப்பதால், பள்ளம் அகலமாக விரிந்து எடையைப் பகிர்ந்துகொள்கிறது. ஓரப் பிடிப்பில்லாத குமிழித் தாளில் இது நடக்காது. குழந்தை மிதித்ததும் தாள் மடங்கி அவளைச் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு அவள் தெரியவும் மாட்டாள். சூடு காக்கும் மூடியைப் பாதுகாப்பு மூடி என்று நம்புவது உயிராபத்து. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தரச்சான்றின் முத்திரையைத்தான்.

நீரே தாங்குகிறது என்பதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மூடியிருக்கும் காலத்தில் நீர்மட்டம் சரியாக இருக்க வேண்டும். மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் எடை முழுவதும் துணியிலும் தடத்திலும் விழும்.

கான்கிரீட்டுக்கு முன் கேட்க வேண்டியவை

தடங்கள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஓடினால்தான் உறை சீராக நகரும். எனவே தானியங்கி மூடிக்கு மிகப் பொருத்தமான வடிவம் செவ்வகம். கலிஃபோர்னியாவின் சொனோமாவில் தாமஸ் சர்ச் 1948-ல் வடிவமைத்த டானல் தோட்டத்துக் குளத்துக்குப் பிறகு, சிறுநீரக வடிவக் குளங்கள் புகழ் பெற்றன. பார்க்க அழகானவை. ஆனால் அவற்றை மூட வேண்டுமானால், குளத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் அமையுமாறு தடங்களைத் தரையின்மேல் பதிக்க வேண்டும். உறை பெரிதாகும், தடம் கண்ணில் உறுத்தும், செலவும் ஏறும்.

செவ்வகமும் உண்மையான செவ்வகமாக இருக்க வேண்டும். 32க்கு 16 அடிக் குளத்தின் மூலைவிட்டம் பித்தகோரஸ் கணக்குப்படி சுமார் 35 அடி 9 அங்குலம். இரண்டு மூலைவிட்டங்களையும் நாடா பிடித்து அளந்து, இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். குளம் கோணலாக அமைந்தால் உறை ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்திச் சிக்கிக்கொள்ளும். அந்தத் தொல்லை ஆயுள் முழுவதும் தொடரும்.

உருளைக்கான பெட்டி அடுத்த கேள்வி. அதற்குக் குளத்தின் முனையில் தனிப் பள்ளம் வேண்டும். பள்ளத்தில் தேங்கும் நீர் வெளியேற வடிகுழாய் வேண்டும். மோட்டாருக்கு மின்குழாய் வேண்டும். தடத்தை விளிம்புக் கல்லுக்கு அடியில் மறைக்க விரும்பினால், கல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கொத்தனாருக்கு முன்பே சொல்ல வேண்டும். கைப்பிடி, ஏணி, குதிக்கும் பலகை, அருவி எதுவும் உறை ஓடும் பாதையில் வரக்கூடாது. இவையெல்லாம் காகிதத்தில் இருக்கும்போது பென்சிலால் மாற்றக் கூடியவை. கான்கிரீட் இறுகிய பிறகு, உடைத்தோ தரைமேல் பெட்டி வைத்தோதான் மாற்ற முடியும்.

மோட்டாரிலும் இரு வகை. ஒன்று, ஈரமான பெட்டிக்குள்ளேயே அமரும் நீர்புகா மின்மோட்டார். மற்றொன்று, மின்கருவி தொலைவில் இருக்க, எண்ணெய் அழுத்தம் மட்டும் குழாய் வழியே வந்து உருளையைச் சுழற்றும் ஹைட்ராலிக் முறை. நீருக்கு அருகில் மின்சாரமே இருக்காது என்பது இரண்டாவதன் பலம். விலை கூடுதல் என்பது குறை. எதை வாங்கினாலும் சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து குளம் முழுவதும் தெரிய வேண்டும். உள்ளே ஒருவர் நீந்திக்கொண்டிருக்கும்போது மூடிவிடக் கூடாது அல்லவா!

மூடிக்கு வேண்டிய பராமரிப்பு

அமெரிக்காவில் இத்தகைய மூடி பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். உறைத் துணியை 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிவரும். கயிறுகள் நாளடைவில் நீளும். அவ்வப்போது இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

மழை பெய்தால் உறைமேல் நீர் தேங்கும். சில அங்குல நீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்து. ஆகவே மூடிமேல் வைக்கும் சிறு பம்பு இந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி. அதிக அளவில் குளோரின் போட்ட நாளில் குளத்தைத் திறந்து வைக்க வேண்டும். உருவாகும் குளோரமின் வாயுக்கள் வெளியேற வழி வேண்டும், துணியையும் காப்பாற்ற வேண்டும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இருந்தால், மூடிய நாட்களில் அதன் அளவைக் குறைக்க வேண்டும். அரிசோனா போன்ற கொதிக்கும் ஊர்களில், கோடையில் மூடிய குளம் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அப்போது இரவில் திறந்து வைப்பதே மருந்து. இரவு ஆவியாதல் அங்கே நமக்கு உதவிக்கு வருகிறது.

நீரைச் சூடேற்றும் எண்ணமோ வீட்டில் சிறு குழந்தையோ இருந்தால், தானியங்கி மூடி வாங்கத் தகுந்தது என்பதே என் முடிவு. பணத்துக்காக எதையாவது குறைக்க வேண்டுமானால் விளக்கையும் அருவியையும் குறையுங்கள். மூடியை இப்போது வாங்க முடியாவிட்டாலும் செவ்வக வடிவம், பெட்டிக்கான பள்ளம், வடிகுழாய், மின்குழாய் ஆகியவற்றைக் கட்டும்போதே போட்டு வையுங்கள். மூடி வந்த பிறகும் வேலியையும் தாழ்ப்பாளையும் விட்டுவிடாதீர்கள். நீந்தி முடித்ததும், கடைசியாகக் கரையேறிய பெரியவர் துவாலையை எடுப்பதற்கு முன் சாவியைத் திருப்ப வேண்டும். இதை வீட்டின் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.