முற்றத்து மீன்தொட்டியும் பூச்சித் தொல்லையும்



பெருமாநல்லூரிலும் திருப்பூரைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் நீர் வரும் நாளன்று டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைப்பது இப்பகுதி இல்லங்களின் வழக்கம். அந்த டிரம்களுக்கு அருகிலேயே சிமெண்டுத் தொட்டியொன்றில் அல்லியும் நீர்க்கொடியும் வளர்த்து, நான்கைந்து மீன்களை விட்டு, பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கண்டு மகிழும் தாய்மாரும் உண்டு.

திறந்தவெளித் தொட்டி என்றால் பூச்சிகளும் வரவே செய்யும். உடனே நம் கை மருந்துப் புட்டியைத் தேடுகிறது. சற்றே பொறுங்கள்! வீட்டில் தெளிக்கும் கொசு மருந்துகளிலும் எறும்புச் சாக்கட்டியிலும் உள்ள நஞ்சு, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்ல வல்லது. தொட்டிக்குக் காற்று செலுத்தும் மோட்டார் அருகில் இருந்தால், தெளித்த மருந்தை அதுவே நீருக்குள் இழுத்துவிடும். மீன் மடிந்த தொட்டியில் கொசுப்புழுவைத் தின்ன யார் இருக்கிறார்கள்? கொசுவை ஒழிக்கத் தெளித்த மருந்தே கொசுவுக்குத் தொட்டில் அமைத்துக் கொடுத்ததாகிவிடும்.

எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது?

அல்லி இலையில் கரும்புள்ளிகளாய் மொய்ப்பது அசுவினி. இலையை நீருக்குள் அமிழ்த்தி அலசினால் போதும். உதிர்ந்தவற்றை மீன்கள் உண்டுவிடும். இலையைத் துண்டாக நறுக்கிக் கூடு கட்டும் புழுவை இலையோடு கிள்ளி எறியுங்கள். தட்டான்பூச்சியின் இளம்பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது. அது கொசுப்புழுவைத் தின்னும், மீன்குஞ்சுகளையும் விடாது. குஞ்சுகள் இருந்தால் மட்டும் அதை வலையால் அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

எறும்பு ஏறாதிருக்க மேசைக் கால்களின் கீழ் நீர்க்கிண்ணம் வைப்பது நம் பழைய வழக்கம். அந்தக் கிண்ணத்திலும் கொசு முட்டையிடும். எனவே வெறும் நீரை விட்டுவைக்காமல் உப்பைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுங்கள்.

உண்மையான பகைவன்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நாம் பிடித்து வைத்த தெளிந்த நீரையே நாடுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் உயிரோடு இருந்து, மீண்டும் நனைந்ததும் பொரிக்கும். இக்கொசு பகலில் கடிப்பது. காலையில் சூரியன் உதித்த பின் சில மணி நேரமும், அஸருக்குப் பின் மஃரிபு வரையிலும் இதன் தொல்லை அதிகம். நம் பிள்ளைகள் தெருவில் விளையாடும் நேரமும் அதுதானே!

2012-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 12,800-க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 66 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் கடையநல்லூரும் அதன் சுற்றுப்புறமும் பட்ட துயரம் நினைவிருக்கலாம். 2017-இல் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது.

மீன் என்னும் காவலன்

பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒளுச் செய்யும் ஹவுளில் மீன்கள் நீந்துவதைக் கண்டிருப்பீர்கள். அவை கண்ணுக்கு அழகு மட்டுமல்ல, கொசுப்புழுவையும் உண்பவை. வீட்டுத் தொட்டிக்குக் கப்பி மீன் ஏற்றது. விலை குறைவு, விரைவில் பெருகும். ஆனால் பெருகியவற்றைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், இன்று உள்ளூர் மீனினங்களுக்குக் கேடு விளைவிக்கும் அயல் உயிர்களுள் ஒன்றாக உலக அளவில் எண்ணப்படுகிறது. நமக்கு அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் சாசனப் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் சரணாலயம். அதன் தூய்மை நம் பொறுப்புமாகும்.

வெள்ளிதோறும் ஒரு கடமை

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வெள்ளிக்கிழமைக்காக வீட்டைக் கழுவும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அதே வேளையில் டிரம்மையும் குடத்தையும் கவிழ்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். நீரை மாற்றினால் மட்டும் முட்டை போகாது. கழுவிய டிரம்மில் மீண்டும் நீர் பிடித்ததும், பனியன் துணியால் வாயை இடைவெளியின்றிக் கட்டுங்கள். கொல்லையில் கிடக்கும் உடைந்த ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நீர் தேங்க விடாதீர்கள். சுகாதாரப் பணியாளர் மருந்து ஊற்ற வந்தால், மீனுள்ள தொட்டி எது என்று காட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவை மிகுதியாக்கும். காய்ச்சல் தணிந்ததும் நோய் தீர்ந்தது என்று இருந்துவிடவும் கூடாது. டெங்குவில் அபாயம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு ஆகியவற்றைக் கண்டால் ஒரு கணமும் காத்திராதீர்கள்.

மீனும் அல்லியும் உள்ள தொட்டியை அஞ்ச வேண்டியதில்லை. மூடாத டிரம்மையும் மறந்துபோன சிரட்டையையும்தான் அஞ்ச வேண்டும். வரும் வெள்ளியன்றே தொடங்குங்கள்!